இரைப்பை மால்ட் லிம்போமா: அப்பாவின் ஃபிஷ் அறிக்கையில் "11;18" என்று வந்திருக்கிறது

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். இக்குழுவில் ஓராண்டாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. என் அப்பாவுக்கு வயது 63. சென்ற ஆண்டு ஆடி மாதத்திலிருந்து நெஞ்சுக்குழியில் எரிச்சலும், நான்கு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது போன்ற உணர்வும் இருந்தன. அல்சர் என்று நாங்களே முடிவு செய்துகொண்டு மூன்று மாதங்களை மாத்திரையில் ஓட்டினோம். பிறகு எண்டோஸ்கோபி செய்தபோது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தடித்த மடிப்புகளும் ஆழமில்லாத ஒரு புண்ணும் தெரிந்தன. பயாப்சியில் மால்ட் லிம்போமா, அதாவது உட்படலத்து நிணச்செல்களில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய், என்று வந்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. நோய் இரைப்பைச் சுவரைத் தாண்டவில்லை என்று ஸ்கேனிலும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையிலும் உறுதிசெய்தார்கள்.

அவருக்கு 14 நாட்கள் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனால் மூன்றாம் மாத எண்டோஸ்கோபியிலும், அண்மையில் எட்டாம் மாதத்தில் செய்த எண்டோஸ்கோபியிலும் லிம்போமா அப்படியே இருக்கிறது. அதன்பின், குரோமோசோம் மாற்றத்தை ஒளிரும் சாயத்தால் தேடும் ஃபிஷ் என்ற பரிசோதனை செய்தார்கள். அறிக்கையில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "மால்ட்1 மரபணுப் பிளவு காணப்படுகிறது. டி(11;18)(கியூ21;கியூ21), பி.ஐ.ஆர்.சி.3–மால்ட்1 இணைவு காணப்படுகிறது. எண்ணப்பட்ட உட்கருக்கள் 200. மாற்றம் உள்ளவை 124."

மருத்துவரைச் சந்திக்க இன்னும் ஆறு நாட்கள் உள்ளன. அதுவரை பொறுக்க முடியாமல் இணையத்தில் தேடினேன்; இந்த மாற்றம் இருந்தால் "ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு" உண்டு என்று படித்தேன். அப்படியானால் கிருமி இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறதா? வேறு ஆன்டிபயாட்டிக் கேட்க வேண்டுமா? இரண்டாவது, குரோமோசோம் கோளாறு என்றால் எனக்கும் தம்பிக்கும் வருமா? மூன்றாவது, "குரோமோசோமே உடைந்துவிட்டதென்றால் நோய் முற்றிவிட்டது என்றுதானே பொருள்" என்று சித்தப்பா சொல்கிறார். அப்பா அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

மெழுகுக்கட்டி | செவ்வாய், இரவு 11.40

அம்மா, நான் நோய்க்குறியியல் துறையில் இருபது ஆண்டுகளாக இருப்பவன். சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவரே எடுக்க வேண்டும். அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். முதலில் மூன்றாம் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் அப்பாவின் சாப்பாடு அதில்தான் நிற்கிறது.

நோய் முற்றிவிட்டது என்று இந்த அறிக்கை சொல்லவில்லை. இந்த மாற்றத்தின் விந்தையே அதுதான். 1997-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள்: மெதுவாக வளரும் மால்ட் லிம்போமாக்களில் இந்த 11–18 இடமாற்றம் (11, 18 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டுவது) அடிக்கடி காணப்படுகிறது, வேகமாக வளரும் பெரிய செல் வகையில் காணப்படுவதில்லை. இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமாக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த மாற்றத்தோடு வருகிறது. அவற்றில் பெரும்பாலும் வேறு குரோமோசோம் கோளாறு எதுவும் இருப்பதில்லை. வேக வகையாக மாறுவதும் அரிது. கிருமியை ஒழித்தால் அடங்கிவிடும் வகை அன்று என்பது உண்மை. ஆனால் அடங்காதது எல்லாம் சீறிப் பாய்வது என்று ஆகாது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் அப்பாவின் பயாப்சி அறிக்கையில் பெரிய செல்களின் கூட்டம் எதுவும் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். முற்றியதா இல்லையா என்பதை நாங்கள் அந்த வரியில்தான் படிப்போம்; குரோமோசோம் வரியில் அன்று.

இரண்டாம் கேள்வி. இது பிறப்பிலேயே வந்த கோளாறு அன்று. இரைப்பைச் சுவரில் இருந்த ஒரே ஒரு பி செல்லுக்குள் (நிணச்செல்லில் ஒரு வகை) என்றோ ஒருநாள் 11-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அந்தச் செல்லின் சந்ததிகளில் மட்டுமே அது இருக்கிறது. அப்பாவின் விந்தணுவிலோ, கன்னத்தின் உட்புறச் செல்லிலோ தேடினால் கிடைக்காது. உங்களுக்கும் தம்பிக்கும் இதற்காக எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

முதல் கேள்விதான் மொழியால் வந்த குழப்பம். "எதிர்ப்பு" என்று அந்தப் பக்கங்கள் சொல்வது கிருமியின் எதிர்ப்பை அன்று. கிருமி செத்துவிட்டது, மூச்சுப் பரிசோதனை அதைச் சொல்லிவிட்டது (பரிசோதனைக்கு முந்தைய இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்றால்). கிருமி போன பிறகும் போகாமல் நிற்பது லிம்போமா. ஆன்டிபயாட்டிக்கை மாற்றிப் பயனில்லை. அது செய்ய வேண்டிய வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது.

சோதனைக்குழாய் | புதன், காலை 7.05

மூலக்கூறு உயிரியலில் ஆய்வு மாணவன் நான். மெழுகுக்கட்டி ஐயா சொன்னதற்கு அடியில் இருக்கும் காரணத்தைச் சேர்க்கிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயியலில் நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

இரைப்பையில் இயல்பாக நிணத்திசு கிடையாது. ஹெலிகோபேக்டர் பைலோரி வந்து குடியேறிய பின், அதை எதிர்க்கத்தான் அங்கே நிணச்செல்கள் கூடுகின்றன. பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982-ல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமியை வளர்த்துக் காட்டியதற்கு அடுத்த ஆண்டு, 1983-ல், பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் மால்ட் லிம்போமாவைத் தனி வகையாக விவரித்தார்கள். இரண்டும் ஒரே கதையின் இரு பாதிகள் என்பது தெரியப் பத்தாண்டுகள் ஆயின. 1993-ல் லண்டனில், ஐசக்சனின் குழுவைச் சேர்ந்த வாதர்ஸ்பூனும் பிறரும் ஆறு நோயாளிகளுக்குக் கிருமியை மட்டும் ஒழித்துப் பார்த்தார்கள். ஐந்து பேருக்கு லிம்போமா மறைந்தது. இரைப்பை லிம்போமா ஆன்டிபயாட்டிக்கால் மறைவதை மருத்துவ உலகம் அப்போதுதான் பார்த்தது.

அதே ஆண்டு அதே குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். நோயாளியின் கட்டிச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்துக் கிருமியைச் சேர்த்தால் அவை பெருகின. அங்கிருந்த டி செல்களை (இன்னொரு வகை நிணச்செல்களை) நீக்கிவிட்டால் பெருகவில்லை. ஆக, கிருமி டி செல்லைத் தூண்டுகிறது, டி செல் பி செல்லைத் தூண்டுகிறது. கட்டி தன் காலில் நிற்கவில்லை. கிருமியை எடுத்துவிட்டால் அது பட்டினியாகிறது.

11–18 இடமாற்றம் இந்தச் சங்கிலியைத்தான் துண்டிக்கிறது. பி செல்லின் மேற்பரப்பில் தூண்டல் வந்ததும் உள்ளே கார்ட்11, பி.சி.எல்.10, மால்ட்1 என்ற மூன்று புரதங்கள் ஒன்றுகூடி, என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்புகின்றன. "சாகாதே, பெருகு" என்ற ஆணை அது. தூண்டல் நின்றால் ஆணையும் நிற்க வேண்டும். இடமாற்றத்தில் 11-ஆம் குரோமோசோமின் பி.ஐ.ஆர்.சி.3 மரபணுவின் முன்பாதியும், 18-ஆம் குரோமோசோமின் மால்ட்1 மரபணுவின் பின்பாதியும் ஒட்டி, இயற்கையில் இல்லாத ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது. முன்பாதிக்குத் தன் இனத்தோடு தானே ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. பின்பாதியில் பிற புரதங்களை வெட்டும் மால்ட்1-இன் திறன் அப்படியே இருக்கிறது. மேலிருந்து எந்தத் தூண்டலும் வராமலே அது ஆணையை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

உங்கள் பெயரில் காவிரி இருப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மதகுக்குக் காவலாள் இருக்கும் வரை, அவனை அனுப்பிவிட்டால் பலகையை இறக்கித் தண்ணீரை நிறுத்தலாம். பலகையே அடித்துச் செல்லப்பட்ட பிறகு காவலாளைத் துரத்தி என்ன பயன்?

யாழ்_ஆய்வுகூடம் | புதன், பிற்பகல் 1.30

வணக்கம். நான் இலங்கையில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருந்தவள். இப்பொழுது கனடாவில் இதே ஃபிஷ் வேலையைச் செய்கிறேன். நாங்கள் நிறமூர்த்தம், கலம், பரம்பரையலகு என்று படித்தோம். இங்கே நீங்கள் எழுதும் குரோமோசோம், செல், மரபணுவையே நானும் பயன்படுத்துகிறேன், இல்லாவிடில் தங்கை மேலும் குழம்புவார்.

"200-இல் 124" என்பது எப்படி வந்தது என்று சொல்கிறேன், தங்கை. அப்பாவின் பயாப்சித் துண்டு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும். அதை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, நாலு மைக்ரோன் தடிப்பில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவோம். மெழுகைக் கரைத்து, என்சைமால் திசுவைச் சற்று இளக்கி, சூடாக்கி டி.என்.ஏ-வின் இரு இழைகளையும் பிரித்து, ஒளிரும் சாயம் ஏற்றிய துருவியை (தேடும் மரபணுப் பகுதியில் போய் ஒட்டும் சிறு டி.என்.ஏ துண்டை) அதன்மேல் விட்டு, 37 பாகையில் இரவு முழுவதும் வைப்போம். மறுநாள் கழுவிவிட்டு இருட்டறையில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்வோம். கறுப்புத் திரையில் நீல நீலமாக உட்கருக்கள் தெரியும். மால்ட்1 மரபணுவின் ஒரு பக்கத்தில் சிவப்புத் துருவியும் மறுபக்கத்தில் பச்சைத் துருவியும் ஒட்டியிருக்கும். மரபணு முழுதாக இருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மஞ்சளாய்த் தெரியும். ஆகவே சாதாரண செல்லில் இரண்டு மஞ்சள் புள்ளிகள். மரபணு முறிந்திருந்தால் ஒரு மஞ்சள், தனியே ஒரு சிவப்பு, அதிலிருந்து விலகி ஒரு பச்சை. இப்படி ஒவ்வொரு உட்கருவாக 200 எண்ணுவோம். கண் எரியும் வேலை.

மிகுதி 76 உட்கருக்களும் புற்றில்லாதவை என்றோ, நோய் 62 விழுக்காடு என்றோ எண்ண வேண்டாம். அந்தத் துண்டில் சுரப்பிச் செல்களும் சாதாரண நிணச்செல்களும் கலந்துதான் இருக்கும். மேலும் நாலு மைக்ரோன் சீவலில் பல உட்கருக்கள் பாதியாய் அறுபட்டு, புள்ளி ஒன்று சீவலுக்கு வெளியே போயிருக்கும். இந்த எண் ஆய்வுகூடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதற்குத்தான். 124 தெளிவாகத் தாண்டியிருக்கிறது. அடுத்த பயாப்சியில் 80 என்று வந்தால் குறைந்துவிட்டது என்று மகிழ்வதும், 150 என்று வந்தால் அழுவதும் வேண்டாம்.

இன்னொன்று. மூன்று மஞ்சள் புள்ளிகள் வருவதும் உண்டு. அது முறிவு அல்ல. 18-ஆம் குரோமோசோம் மூன்று பிரதிகளாக இருப்பதன் அடையாளம். அனுபவமில்லாத கண் அதையும் "மாற்றம் உண்டு" என்று எழுதிவிடக் கூடும். உங்கள் அறிக்கையில் இணைவுத் துருவியும் போட்டு பி.ஐ.ஆர்.சி.3-ஐ உறுதிசெய்திருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்த அறிக்கை.

காவிரிக்கரை | புதன், இரவு 8.50

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மெழுகுக்கட்டி ஐயா சொன்ன வரியைத் தேடிப் பார்த்தேன்: "பெரிய செல்களின் தொகுப்புகள் காணப்படவில்லை" என்று இருக்கிறது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரவு இரண்டு இட்லி கூடுதலாக எடுத்துக்கொண்டார். அமில மாத்திரையையும் மூச்சுப் பரிசோதனைக்கு முன் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், நிறுத்தியிருந்தார்.

ஆனால் ஒரு புதுக் குழப்பம். அறிக்கையில் "கியூ21" என்றிருக்கும் 18-ஆம் குரோமோசோமின் 21-ஆம் பட்டையைத் தேடினால் ஃபாலிகுலர் லிம்போமா என்ற வேறு வகை, பி.சி.எல்.2 என்ற வேறு மரபணு என்றெல்லாம் வருகிறது. 14–18 என்ற இன்னொரு இடமாற்றமும் வருகிறது. வேறொரு பக்கத்தில் அதே 14–18-ஐ மால்ட் லிம்போமா என்றும் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு இருப்பது எது? அறிக்கையில் வகையையே மாற்றி எழுதியிருப்பார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

மெழுகுக்கட்டி | புதன், இரவு 10.15

இந்தக் குழப்பத்தில் மருத்துவர்களும் விழுந்திருக்கிறார்கள், அம்மா. நீங்கள் தனியாக இல்லை.

குரோமோசோமைச் சாயமிட்டால் தெரியும் பட்டைகளுக்கு எண் கொடுத்த காலத்தில், உள்ளே இருந்த மரபணுக்கள் பெரும்பாலும் தெரியாது. 18-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் 21-ஆம் பட்டை என்பது ஒரு தெரு. அதில் மால்ட்1-உம் குடியிருக்கிறது, பி.சி.எல்.2-உம் குடியிருக்கிறது, இடையே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கார இணைகள். 14-ஆம் குரோமோசோமில் உள்ள ஐ.ஜி.எச். என்ற எதிர்ப்புரத மரபணுவோடு பி.சி.எல்.2 சேர்ந்தால் அது ஃபாலிகுலர் லிம்போமாவின் 14–18. அதே ஐ.ஜி.எச். மால்ட்1-ஓடு சேர்ந்தால் அது மால்ட் லிம்போமாவின் 14–18, 2003-ல் விவரிக்கப்பட்டது. பட்டைகளை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே தோற்றம். ஃபிஷ் துருவிதான் வீட்டு எண்ணைப் பிரித்துச் சொல்லும். அந்த மால்ட்1 வகையும் கண் சுற்றுத் திசு, உமிழ்நீர்ச் சுரப்பி, தோல் போன்ற இடங்களுக்கு உரியது. இரைப்பையில் காண்பது அரிது.

அப்பாவுக்கு இருப்பது 11–18. அதில் 14-க்கு வேலையே இல்லை.

இதற்குள்ளேயே இன்னொரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றத்தின் மரபணுக்களை 1999-ல் கண்டுபிடித்தபோது 11-இல் இருந்ததை ஏ.பி.ஐ.2 என்று அழைத்தார்கள். இன்று அதே மரபணுவின் அதிகாரப்பூர்வப் பெயர் பி.ஐ.ஆர்.சி.3. பழைய கட்டுரையில் ஒன்றும் உங்கள் அறிக்கையில் மற்றொன்றும் இருப்பதைப் பார்த்து இரண்டு நோய் என்று எண்ண வேண்டாம். அது மட்டுமன்றி, இன்றைய வரைபடத்தில் அம்மரபணு 11-ஆம் குரோமோசோமின் 22-ஆம் பட்டையில் இருக்கிறது. ஆனால் இடமாற்றத்தின் பெயரில் மட்டும் பழைய 21 ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருப் பெயர் மாறியும் பேருந்துப் பலகை மாறாதது போல.

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 9.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அத்தைக்கும் இதே நோய். நான் கேட்பது வேறு. ஃபிஷ் பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் முதல் சிகிச்சை கிருமி ஒழிப்புதான் என்று எங்கள் மருத்துவரே சொன்னார். ஐரோப்பிய வழிகாட்டுதலிலும் எந்த நிலையாக இருந்தாலும் முதலில் கிருமியை ஒழிக்கத்தான் சொல்கிறது. பிறகு எதற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து இந்தப் பரிசோதனை? ஆன்டிபயாட்டிக் வேலை செய்தால் செய்தது. செய்யாவிட்டால் எண்டோஸ்கோபியே சொல்லிவிடும். இது அறிவியல் ஆர்வத்துக்கான செலவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அத்தைக்கு நாங்கள் செய்யவில்லை. பத்தாம் மாதத்தில் லிம்போமா போய்விட்டது.

சோதனைக்குழாய் | வியாழன், காலை 11.02

அத்தைக்கு நலமானதில் மகிழ்ச்சி. ஆனால் அவருக்கு நலமானதைக் கொண்டு பரிசோதனை வீண் என்று சொல்ல முடியாது. அப்படி லிம்போமா மறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மாற்றம் இருந்திருக்காது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் கிருமி ஒழிப்பு பெற்ற 111 நோயாளிகளின் திசுவைப் பார்த்தார்கள். லிம்போமா மறைந்த 48 பேரில் 2 பேருக்கு மட்டுமே 11–18 இருந்தது. மறையாத 63 பேரில் 42 பேருக்கு இருந்தது.

இந்த எண்களை இரு பக்கமும் வாசிக்க வேண்டும். மாற்றம் இருந்தால் கிருமி ஒழிப்பால் மட்டும் மறையும் வாய்ப்பு மிகக் குறைவு. மாற்றம் இல்லாததால் மட்டும் மறைந்துவிடும் என்று உறுதி கூற முடியாது. மறையாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இம்மாற்றம் இல்லை.

மெழுகுக்கட்டி | வியாழன், பிற்பகல் 2.45

கணக்குப்பிள்ளை அவர்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே ஃபிஷ் செய்யாமல் போனால் குடி முழுகிவிடாது. கிருமி இருக்கும் எல்லாருக்கும் அதை ஒழிக்கத்தான் வேண்டும். 11–18 இருந்தாலும் ஒழிக்க வேண்டும். புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது காரணம் என்பதால் மிச்சம் வைக்க நியாயமே இல்லை.

ஆனால் மறுபாதி காத்திருப்பைப் பற்றியது. கிருமி ஒழிந்த பின் மால்ட் லிம்போமா மறைய மூன்று மாதமும் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சிலருக்கு இரண்டாண்டு வரை பொறுத்திருந்ததில் மறைந்திருக்கிறது. ஆகவே ஆறாம் மாதத்தில் லிம்போமா இருக்கிறதென்றால் மருத்துவர் முன் இரு வழிகள் நிற்கின்றன: பொறுத்திருப்பதா, அடுத்த சிகிச்சைக்குப் போவதா? இங்கேதான் இந்தப் பரிசோதனை தன் காசுக்கு வேலை செய்கிறது. மாற்றம் இல்லையென்றால் மனம் தளராமல் பொறுக்கலாம். இருந்தால் எதற்காகப் பொறுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே கிருமி இல்லாத நோயாளி என்றால் எனக்கு வாதமே இல்லை. அவர்களிடம் இம்மாற்றம் இன்னும் அதிகமாகக் காணப்படுகிறது, முதல் வாரமே பார்த்துவிடுவது நல்லது.

நடைமுறையில் வேறொரு சங்கடமும் உண்டு. பயாப்சித் துண்டு சிறியது. லிம்போமாவின் வகையைப் பிரித்தறிய சி.டி.20, சி.டி.5, சி.டி.10, சைக்ளின் டி1 என்ற புரதங்களுக்கு வரிசையாகச் சாயமிட்டு முடிக்கும்போது மெழுகுக் கட்டியில் திசுவே தீர்ந்துவிடுகிறது. எட்டு மாதம் கழித்து ஃபிஷ் கேட்டால் "மீண்டும் எண்டோஸ்கோபி செய்து வாருங்கள்" என்று சொல்ல வேண்டிவரும். செலவு எங்கே அதிகம் என்பதை அப்போது கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓய்வூதியர்_நெல்லை | வியாழன், இரவு 7.30

மகளே, உங்கள் அப்பாவின் வயதுதான் எனக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே 11–18, இதே இரைப்பை, இதே காத்திருப்பு. எனக்கு ஓராண்டு பொறுத்த பிறகுதான் இந்தப் பரிசோதனையே செய்தார்கள்; எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. முன்பே செய்திருந்தால் ஓராண்டு உறக்கம் மிஞ்சியிருக்கும்.

எனக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். 30 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), 20 நாள் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாள். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். காரணம் கேட்டேன். இரைப்பை உணவுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் பை. தினமும் ஒரே அளவில் இருந்தால்தான் குறி தப்பாமல் அடிக்க முடியும், சிறுநீரகத்தின் மேல் அதிகம் படாமல் காக்கவும் முடியும் என்றார் அங்கிருந்த பெண். மேசையில் படுத்திருக்கும் நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வலி எதுவும் இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்து குமட்டல் உண்டு. மாத்திரையை அரைமணி நேரம் முன்னதாகப் போட்டுக்கொண்டால் தாங்கலாம். ஐந்து கிலோ குறைந்தேன், பிறகு வந்துவிட்டது. ஆறாம் மாத எண்டோஸ்கோபியில் லிம்போமா இல்லை என்றார்கள். இன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை குழாயை விழுங்குவது மட்டும் தொடர்கிறது. இந்நோய் வந்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

சோதனைக்குழாய் | வியாழன், இரவு 9.10

ஐயாவின் அனுபவம் பொது அறிவோடு ஒத்துப்போகிறது. இரைப்பைக்குள் அடங்கிய மால்ட் லிம்போமாவில் 24 முதல் 30 கிரே கதிர்வீச்சுக்குப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முழுமையாக மறைகிறது. காரணமும் எளிது: கதிர்வீச்சு டி.என்.ஏ-வையே உடைக்கிறது, பி செல் அதற்கு மிகவும் இளகியது, என்.எஃப். கப்பா பி தூண்டல் மேலிருந்து வருகிறதா உள்ளிருந்து வருகிறதா என்பது அதற்குப் பொருட்டன்று. பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமேப் ஊசியிலும் இம்மாற்றம் பெரிய வேறுபாடு காட்டவில்லை. ஆனால் குளோராம்புசில் போன்ற கீமோ மாத்திரையைத் தனியாகக் கொடுத்தபோது 11–18 உள்ளவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. மருத்துவரிடம் பேசும்போது இந்த வேறுபாடு உங்கள் மனதில் இருக்கட்டும்.

மெழுகுக்கட்டி | வியாழன், இரவு 9.48

ரிட்டுக்ஸிமேப் என்ற பேச்சு வந்தால் அதற்கு முன் ஹெப்பட்டைட்டிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடங்கிக் கிடக்கும் வைரஸை அந்த ஊசி எழுப்பிவிடக் கூடும்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 8.15

காத்திருப்புக்கும் விலை உண்டு என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் வாதத்தைத் திரும்பப் பெறவில்லை, சற்றுத் தள்ளி வைக்கிறேன்: முதல் நாள் வேண்டாம், ஆனால் திசுவைப் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று அத்தையின் ஆய்வகத்துக்குச் சொல்லப்போகிறேன். ஒரு கேள்வி: மூன்று பிரதிகள் என்று ஆய்வுகூடத்து அம்மா சொன்னாரே, அது கெட்டதா?

யாழ்_ஆய்வுகூடம் | வெள்ளி, மாலை 6.40

3-ஆம் குரோமோசோமோ 18-ஆம் குரோமோசோமோ ஒரு பிரதி கூடுதலாக இருப்பது மால்ட் லிம்போமாவில் அடிக்கடி காணப்படுவதுதான். பெரும்பாலும் 11–18 இல்லாதவர்களிடம் காண்போம்; இரண்டும் ஒன்றாக வருவது குறைவு. இரு வேறு பாதைகளில் வரும் நோய் என்றே ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். இடமாற்றம் வந்த பாதை ஓர் அடியோடு நின்றுவிடுகிறது. கூடுதல் பிரதிகளின் பாதையில்தான் மேலும் மாற்றங்கள் சேர்ந்து சேர்ந்து, சிலருக்குப் பெரிய செல் வகையாக மாறும். ஆகவே கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எண்டோஸ்கோபித் தவணையைத் தவறவிடாதீர்கள்.

1–14 என்று இன்னொன்றும் உண்டு, பி.சி.எல்.10 மரபணு இடம் மாறுவது. இரைப்பையில் மிகக் குறைவு. அதுவும் சோதனைக்குழாய்த் தம்பி சொன்ன அதே மூன்று புரதக் கூட்டத்தில்தான் போய் முடிகிறது, அதுவும் கிருமி ஒழிப்புக்கு அடங்குவதில்லை. அதைக் கண்டால் நாங்களே ஒருவரையொருவர் அழைத்துக் காட்டுவோம்.

காவிரிக்கரை | அடுத்த திங்கள், இரவு 9.30

இன்று மருத்துவரைச் சந்தித்தோம். அறிக்கையை அவர் விளக்கத் தொடங்கியதும் அப்பா குறுக்கிட்டு, "அது எங்கள் பரம்பரைக்கு வராது, கிருமியும் செத்துவிட்டது, மதகுப் பலகைதான் போய்விட்டது" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டு, மதகு யார் சொன்னது என்று கேட்டார்.

கதிர்வீச்சுத் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவசரமில்லை, ஒரு மாதத்துக்குள் தொடங்கினால் போதும் என்றார். அப்பா அறுவடைக்குப் பிறகு வரட்டுமா என்று கேட்டார். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வியாழனன்று திட்டமிடும் ஸ்கேன், வெறும் வயிற்றோடு. மெழுகுக் கட்டியில் இன்னும் திசு இருக்கிறதாம். வீட்டுக்குத் தராமல் அவர்களே வைத்திருக்கிறார்கள்.

நெல்லை ஐயா, ஒன்று கேட்க வேண்டும். அப்பா காலையில் இரத்த அழுத்த மாத்திரை போடுபவர். வெறும் வயிறு என்றால் அதையும் நிறுத்த வேண்டுமா?

ஓய்வூதியர்_நெல்லை | அடுத்த திங்கள், இரவு 10.05

எனக்கும் அதே மாத்திரைதான். இரண்டு மிடறு தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். காபிதான் கூடாது என்றார்கள். ஆனால் வியாழனன்று நீங்களே அங்கு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அப்பா நீரிழிவு மாத்திரையும் போடுபவராக இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். குமட்டல் மாத்திரைச் சீட்டையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இரண்டாம் வாரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.